பொட்டு வைத்த கம்ப்யூட்டர்

"இந்தக் கம்ப்யூட்டரை இப்போது ரீஸ்டார்ட் செய்யலாமா?" என்று திரை கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள், இன்ஸ்பெக்டர் சார்? அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிவிடுவீர்கள். மாட்டுங்காவில் பாங்க் மேனேஜர் முதல் தாராவியில் இட்லிக்கடைக்காரர் வரை எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். நானும் அப்படிப்பட்ட சாதாரண ஆள்தான். நீங்கள் தமிழில் கேட்பதால் சொல்வதற்குச் சிரமமில்லை. டீயும் நன்றாக இருக்கிறது.

என் பெயர் நாகராஜ். மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் வீடு. தாராவியிலும் வடாலாவிலும் பட்டறைகளின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எந்தக் கம்ப்யூட்டர் கைக்கு வந்தாலும் முதலில் ஆட்டோமேட்டிக் அப்டேட்டை நிறுத்திவிடுவேன். முகம் தெரியாதவனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்து, தோன்றும்போது வந்து சாமான்களை மாற்றி வை என்று யாராவது சொல்வார்களா? ஒருமுறை அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும்போது அப்டேட் புகுந்து பிரிண்டரை முடக்கிவிட்டது. பெண் வீட்டார் என்னைத்தான் ஏசினார்கள். அன்றைக்கு எடுத்த முடிவு அது.

வடாலாவில் நெல்லையப்பன் அண்ணாச்சியின் ஐஸ் ஃபாக்டரியும் என் பொறுப்பில் இருந்தது. ஐஸ் உறைவதற்கு அங்கே குழாய்களில் அமோனியா ஓடுகிறது, மூச்சில் ஏறினால் ஆளைக் கொன்றுவிடும். கம்ப்ரசர் அறையில் அது கசிந்தால் ஒரு கம்ப்யூட்டர் கண்டுபிடித்துச் சைரன் அடிக்கும், ஃபேனைப் போட்டு வாயுவை வெளியேற்றும். சைரன் அடித்தால் அந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. அங்கே வேலை செய்பவர்களுக்கு அது ஒன்றுதான் சட்டம்.

அண்ணாச்சியின் மகள் மாலதிக்கு ஐரோலியில் ஐ.டி. வேலை. பக்கத்து மீன் குடோனில் வைரஸ் புகுந்து எல்லாவற்றையும் பூட்டிவிட்டது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். நான் வருஷக்கணக்காக அப்டேட்டை நிறுத்தி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, ஆட்கள் எல்லோரும் நிற்கும்போதே சிரித்தாள்.

"ஜமானா மாறிடுச்சு அங்கிள். கதவைத் திறந்து போட்டுட்டு வாசல்ல காவல் நிக்கிறீங்க. அப்டேட்டை ஆன் பண்ணிருங்க, அவ்ளோதான்."

ரீஸ்டார்ட் ஆள் இருக்கும் பகல் நேரத்தில்தான் நடக்க வேண்டும், ஆனதும் சைரன் புரோகிராம் தானாகத் தொடங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். சரியான பேச்சுத்தான். சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அவளைப் பிடிக்காது, அதை மறைக்க ஒன்றுமில்லை.

"பிள்ளை சொல்லுதபடியே செஞ்சிரும்வே" என்றார் அண்ணாச்சி.

செய்தேன். அப்டேட்டை ஆன் செய்தேன். சைரன் புரோகிராம் தானாகத் தொடங்கும்படி ஏற்கெனவே இருந்தது, அந்த ஏற்பாட்டை மட்டும் எடுத்துவிட்டேன். இனி ரீஸ்டார்ட் ஆனால் யாராவது பாஸ்வேர்டு போட்டுக் கையால் தொடங்க வேண்டும். பட்டால்தான் சிலருக்குப் புத்தி வரும்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயுத பூஜையும் வந்தது. அந்த வாரம் ஓர் அப்டேட் ரீஸ்டார்ட்டுக்காகக் காத்திருந்தது. பூஜையன்று மத்தியானத்துக்கு நேரம் குறித்து வைத்தேன். ஆள் இருக்கும் பகல் நேரம்தானே சார். சொந்தபந்தம் முன்னால் திரை இருண்டால் மாலதியின் முகம் போகும் போக்கைப் பார்க்க எனக்கு ஆசை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பூஜை போட்ட சாமானை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. ஐஸ் உருகிவிடும் என்பதால் கம்ப்ரசர் மட்டும் ஓடும், காவலுக்கு மாரிக்கண்ணன் இருப்பான். எங்கள் கேம்ப்காரன், சொன்ன பேச்சைத் தட்டாதவன். அன்றைக்குக் கம்ப்ரசருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துப் பக்கத்தில் விளக்கேற்றினார்கள். கம்ப்யூட்டருக்கும் பொட்டு வைத்து, கீபோர்டின் மேல் செவ்வந்திச் சரத்தைப் போட்டார்கள்.

சுண்டல் கொடுக்கும்போது திரை இருண்டது. அதற்குக் கொஞ்சம் முன்னால் திரையில் கம்ப்ரசர் அறையைக் காட்டும் கட்டம் மஞ்சளாக மாறியதைப் பார்த்தேன். மஞ்சள் என்றால் கசிவு தொடங்குகிறது என்று அர்த்தம். சிவப்புக்கு வந்தால்தான் சைரன்.

யாரும் பதறவில்லை. "அதுக்கும் இன்னைக்கு ஓய்வுதாம்லா, யாரும் தொடாதீங்க" என்றார் அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். மாலதி வரவே இல்லை, ஆபீஸில் லீவு கிடைக்கவில்லையாம். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சுண்டல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சாயங்காலம் மாரி போன் செய்தான்.

"அண்ணே, பொட்டி பாஸ்வேர்டு கேக்கு. என்னன்னு சொன்னியன்னா போட்டுருதேன். லேசா நெடி வேற அடிக்கு."

பாஸ்வேர்டு அண்ணாச்சி வைத்தது. ஒரே சொல், மாலதி. அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பூஜை போட்ட சாமானைத் தொடக்கூடாதுடே. காலையில நான் வாரேன்" என்றேன்.

"அதுவும் சரிதாம்ணே" என்றான்.

அப்போது என் மடியில் லேப்டாப் திறந்திருந்தது. அதற்கு நான் பொட்டு வைப்பதில்லை.

விளக்கு அணைந்துவிடக் கூடாதே என்று மாரி எண்ணெய் ஊற்றப் போயிருக்கிறான். ஐஸ் ஃபாக்டரியில் நெடி கொஞ்சம் எப்போதும் உண்டு. சைரன் அடிக்கவில்லை, அதனால் கம்ப்ரசர் அறைக் கதவைத் திறந்திருக்கிறான். காலையில் நான் சொன்னபடியே போனேன். எண்ணெய்க் கிண்ணம் அவன் பக்கத்திலேயே கவிழ்ந்து கிடந்தது.

அவன் பெண்சாதி இசக்கிசெல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எப்படிண்ணே அந்தச் சைரன் அடிக்காமப் போச்சு?" என்று கேட்டாள். மாலதி ஆன் பண்ணச் சொன்ன அப்டேட்டால் என்றேன். அதில் பொய் இல்லையே. அஞ்சலி செலுத்த வந்த மாலதியை மாரியின் உறவுக்காரர்கள் வீட்டு முற்றத்தில் வைத்தே மண்ணை வாரித் தூற்றினார்கள். அண்ணாச்சி மகளோடு பேசுவதில்லை. அவள் செம்பூரில் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்கிறார்கள். வாய் கொஞ்சம் அதிகம் அவளுக்கு, இப்போது அடங்கியிருக்கும்.

கம்ப்யூட்டரிலிருந்து நீங்கள் எடுத்து வந்த பதிவு சரிதான் சார், மறுக்கவில்லை. நேரம் குறித்தது நான். தானாகத் தொடங்குவதை எடுத்தது நான். மஞ்சளைப் பார்த்துவிட்டுச் சுண்டல் தின்றது நான். உயிரோடு இருந்தவன் கேட்டபோது அந்த ஒரு சொல்லைச் சொல்லாததும் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னபடி அப்டேட்டை நிறுத்தியே வைத்திருந்தால் மாரி இன்றைக்கு உயிரோடு இருப்பான். அப்டேட்டை நம்பாதீர்கள் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஒருவரும் கேட்கவில்லை.