கறுப்புக்கு அஞ்சு, வெள்ளைக்குப் பன்னெண்டு

இருந்தவர்கள்: வீடியோ கேம் கடையின் பெரியவர், அவர் மகன், மருமகள். இடம், கடையின் பின்னறை. வேறு யாரும் இல்லை.

பெரியவர்: ...மொதல்ல கதவைச் சாத்துடா. கஸ்டமர் காதெல்லாம் இந்தப் பக்கந்தான் இருக்கு.

மகன்: சாத்திட்டேன்ப்பா. நீங்களே கேளுங்க. நான் கேட்டா சண்டையாயிடும்.

மருமகள்: காலையிலேர்ந்து ரெண்டு பேரும் பாக்கற பார்வையே சரியில்ல. என்ன கேக்கணுமோ கேளுங்க.

பெரியவர்: உக்காரும்மா.

மருமகள்: இருக்கட்டும் மாமா. நின்னு பழகின காலு.

பெரியவர்: நாளன்னைக்கு ரெண்டு கன்சோல் விற்பனைக்கு வருது. கறுப்பு ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. எதை வாங்கலாம்னு வர்றவங்களுக்கு நீ என்ன சொல்றே?

மருமகள்: உங்களுக்குத் தெரியாததா...

பெரியவர்: என் காதால கேக்கணும். சொல்லு.

மருமகள்: மெஷினை வச்சு நான் சொல்றதே இல்ல. மொத நாள் அதுகூட என்ன கேம் வருதுன்னு பாத்துதான் சொல்றேன். வெள்ளைக்குப் பன்னெண்டுன்னு போஸ்டர் கத்துது. அதுல ஏழு பழசு. மூஞ்சி கழுவி, பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. ரெண்டுல ‘விரைவில்’னு போட்டிருக்கு. விரைவில்னா என்னைக்கோ. மிச்சம் மூணு.

மகன்: கறுப்புக்கு அஞ்சுதான். ஆனா அஞ்சும்...

மருமகள்: என்னைத்தானே கேட்டாங்க? அஞ்சும் புதுசு. அந்தக் கார் பந்தயம் ஒண்ணுக்கே கறுப்பை வாங்கலாம். ஆனா வீடு நிறையப் பிள்ளைங்க இருந்தா வெள்ளைதான். அந்த மூணும் சேர்ந்து ஆடறது. கறுப்புல அப்படி ஒண்ணுகூடக் கிடையாது.

பெரியவர்: இதே பேச்சை, வரி பிசகாம, எதிர்க்கடையில சொல்றாங்க.

மருமகள்: சொல்லட்டுமே. உண்மைக்கு என்ன, நாமளா சொந்தக்காரங்க?

மகன்: பவுடர் போட்டது வரைக்கும் சொல்றாங்க! அவங்களுக்கு டெமோ மெஷினே வரல. கம்பெனி நமக்கு மட்டுந்தான் முன்னாடியே அனுப்பியிருக்கு.

மருமகள்: நம்ம கடையில கேட்டுட்டுப் போன கஸ்டமர் அங்க போய்ச் சொல்லியிருப்பாரு. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கு?

மகன்: நானும் அப்படித்தான் நெனச்சேன். மீன்பிடி கேமைப் பத்திக் கேக்கற வரைக்கும்.

பெரியவர்: மீன்பிடியில என்ன?

மகன்: கறுப்புல வர்ற அஞ்சுல ஒண்ணுப்பா. நாம அதை என்னன்னு சொல்றோம்?

மருமகள்: ஒரு ஆள் ஆடறதுன்னு.

மகன்: அங்க ரெண்டு பேர் ஆடறதாம். ஒருத்தர் படகு ஓட்டணுமாம், ஒருத்தர் தூண்டில் போடணுமாம். அண்ணன் தம்பி இருக்கற வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கேம் கிடையாதாம்.

பெரியவர்: அண்ணன் தம்பின்னா சொன்னான்?

மகன்: கடைக்காரர் வேற யாரு, நம்ம சித்தப்பா வாயாலேயே சொன்னாராம்.

பெரியவர்: ...ம்.

மருமகள்: அவங்க தப்பாச் சொன்னா அதுக்கு நானா பொறுப்பு?

மகன்: அந்தத் தப்பு எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசி. ஒரே கன்ட்ரோலரை ரெண்டு பேரு ஆளுக்குப் பாதி பிடிச்சு ஆடினாத்தான் அப்படித் தோணும். இடது பக்கம் படகு, வலது பக்கம் தூண்டில். இதே அறையில யாரோ ரெண்டு பேர் உக்காந்து ஆடியிருக்காங்க. ஒண்ணு அந்தக் கடை ஆள். இன்னொண்ணு நம்ம ஆள்.

மருமகள்: துப்பறியற வேலைக்குப் போயிருக்கலாம் நீங்க.

மகன்: சிரிக்காத. பின்கதவுத் தாழ்ப்பாள் முன்னாடியெல்லாம் தெருவே கேக்கற மாதிரி கத்தும். இப்ப சத்தமே இல்ல. எவனோ எண்ணெய் விட்டிருக்கான்.

பெரியவர்: எவனோ இல்ல. நான்தான். துருப் பிடிச்சிருந்துச்சு.

மகன்: சரி, அதை விடுங்க. இதுக்குப் பதில் சொல்லச் சொல்லுங்க. இவ எதிர்க்கடைப் பின்வாசல்ல நின்னதைத் தையல்காரர் பாத்திருக்காரு. கையில ஒரு சின்னப் பெட்டி. சித்தி வெளிய வந்து வாங்கிட்டுப் போனாங்களாம். ‘வீட்டு மருமகளே கேமைக் கடத்திக் குடுக்கறா’ன்னு தெருவே சிரிக்குது.

பெரியவர்: போனியாம்மா?

மருமகள்: போனேன்.

பெரியவர்: பதினோரு வருஷமா அந்தக் கடைக்கும் நமக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. கடையைப் பாகம் பிரிச்ச அன்னைக்கு நாலு பேர் முன்னாடி நான் சொன்ன வார்த்தை அது. நல்லது கெட்டதுல எதிர்ல நின்னாக்கூட மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுதான் வந்திருக்கோம். இந்த வீட்ல ஒருத்தரும் அதை மீறினது இல்ல.

மருமகள்: தெரியும் மாமா.

பெரியவர்: தெரிஞ்சுமா போனே?

மருமகள்: ஒரு பொருளைக் குடுக்க வேண்டியிருந்துச்சு. குடுத்தேன், திரும்பிட்டேன். நின்னு பேசல.

மகன்: என்ன பொருள்?

மருமகள்: அவங்க பொருள்.

மகன்: அவங்க பொருளுக்கு உன்கிட்ட என்ன வேலை?

மருமகள்: அதை மட்டும் கேக்காதீங்க.

மகன்: பாத்தீங்களாப்பா? இந்த எடத்துலதான் வாய் பூட்டிக்குது. அதுக்குள்ள கேம் கார்டுதானே இருந்துச்சு?

மருமகள்: ஆமா. கடையையே நாலா மடிச்சு உள்ள வச்சுக் குடுத்தேன்.

மகன்: கேக்கறதுக்கு ஒழுங்கா...

பெரியவர்: இருடா. பெட்டி எப்படி இருந்துச்சுன்னு தையல்காரர் சொன்னாரா?

மகன்: எப்படி இருந்தா என்ன? பழுப்பாம். நீளமாம். தோல் மாதிரி...

பெரியவர்: ...நீளமா?

மகன்: ஏம்ப்பா?

பெரியவர்: ஒண்ணுமில்ல. என்னைக்கும்மா போனே?

மருமகள்: போன வாரம் மாமா. நீங்க அந்த டிவி மேசைக்கடியில குனிஞ்சு என்னமோ தேடிட்டிருந்தீங்களே, அன்னைக்கு. அதுக்கு முன்னாடியே என் கண்ணுல பட்டுடுச்சு.

மகன்: அப்பா எதைத் தேடினாரு?

மருமகள்: நான் கேக்கல.

மகன்: பேச்சை மாத்தாத. கல்லாச் சாவியை எடு. நாளன்னைக்குக் கூட்டம் வர்றப்ப நீ அங்க நின்னா, ‘ரெண்டு கடைக்கும் வேலை பாக்கறது ஒரே அம்மாதான்’னு வர்றவன் எல்லாம் சிரிப்பான். இனிமே நீ கடைக்கு வர வேணாம்.

மருமகள்: கடைக்கேவா?

மகன்: கடைக்கேதான்.

மருமகள்: அந்த அஞ்சையும் பன்னெண்டையும் ஒவ்வொண்ணா ஆடிப் பாத்து, கண்ணு எரிய எரிய உக்காந்து... ம். சரி. இந்தாங்க சாவி.

மகன்: அவ்வளவுதானா? ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டியா? பேசு! பொய்னாவது சொல்லு!

மருமகள்: நான் பேசினா எனக்கு நல்ல பேர். இன்னொருத்தர் தலை குனியணும். அந்தப் பேர் எனக்கு வேணாம்.

மகன்: யாரு அந்த இன்னொருத்தர்?

மருமகள்: சாவி வந்துடுச்சுல்ல, போங்க.

பெரியவர்: சாவியை அவ கையில குடுடா.

மகன்: அப்பா?

பெரியவர்: குடுன்னு சொன்னேன். ...படகு ஓட்டறவன் இடது பக்கமா உக்காரணும். இல்லேன்னா முழங்கை இடிக்கும்.

மகன்: இதெல்லாம் உங்களுக்கு எப்படி...

பெரியவர்: உங்க தாத்தா கடை வச்ச புதுசுல ஒரே மெஷின், ஒரே கன்ட்ரோலர். கஸ்டமர் இல்லாத நேரம் பாத்து நாங்க தொடுவோம். இடது பாதி எனக்கு, வலது பாதி அவனுக்கு. ஒரு ஆள் ஆடற கேம்னு ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரியாது.

மகன்: அவனுக்குன்னா... சித்தப்பாவுக்கா?

பெரியவர்: கறுப்பு வந்த அன்னைக்குத் தனியா உக்காந்து பாத்தேன். படகு நல்லாத்தான் போச்சு. தூண்டில் போட வரல. இந்த வலது கை அந்த வேலையைப் பழகவே இல்லடா.

மகன்: அதுக்காகக் கூப்பிட்டீங்களா? பதினோரு வருஷமா எங்களை மூஞ்சியைத் திருப்ப வச்சுட்டு, நீங்க மட்டும் பேசி...

பெரியவர்: பேசல! பின்கதவைத் திறந்து வச்சேன். முன்வாசலுக்கு வந்து அவன் கடையைப் பாத்து நின்னேன். அவன் சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வந்தான். நீங்க சாப்பிடப் போற நேரமெல்லாம் வந்தான். உக்காந்தோம், ஆடினோம். ஒரு வார்த்தை பேசல.

மருமகள்: நான் சாப்பிட்டுத் திரும்பறப்ப ‘இழுடா, இழுடா, விட்டுடாத’ன்னு சத்தம் கேட்டுச்சு மாமா.

பெரியவர்: அது பேச்சுல சேராது.

மகன்: இப்ப தெருவுல நான் என்ன சொல்றது? தையல்காரர் கடையில இன்னும் அதையேதான் பேசிட்டிருக்காங்க.

பெரியவர்: உள்ளதைச் சொல்லு. என் மருமக கேமைக் கடத்தினாங்கறது பொய். அந்தப் பெட்டியில இருந்தது மூக்குக்கண்ணாடி. என் தம்பியோடது. என் பக்கத்துல உக்காந்து ஆடினவன், கழட்டி வச்சுட்டு மறந்துட்டுப் போயிட்டான்.