கோசோங் என்று எழுதிய கதவு

ஓடுகிறேன். கையில் ரொட்டிப் பை. காலில் ஒரு செருப்புதான். செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது பத்து.

"கிட்ட போகாதீங்க அக்கா! கூரை இறங்குது!" யாரோ கத்துகிறார்கள்.

முதலில் தகரம் கிழிகிற சத்தம். பிறகு பலகை. மளுக் மளுக்கென்று, முறுக்கைக் கடிப்பது போல. அதற்கு நடுவே அவர் பாடிக்கொண்டிருக்கிறார். என் வீட்டுக்குள்ளே. இரண்டாவது சரணம். வீடு இடிக்கிற பெக்கோ இயந்திரத்தின் கை இன்னொரு முறை இறங்குகிறது. பாட்டு நின்றுவிட்டது.

இதைப் போர் என்றால் சிலர் சிரிப்பார்கள். உலு திராம் பக்கத்து எஸ்டேட் லயத்தில் ஐம்பத்திரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அவர் பெரிய பாடகர் இல்லை. தங்காக்கில் ஒரு கடையில் துணி கிழித்துக் கொடுக்கிற வேலை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, கசெட்டில் பதிந்து கல்யாண வீடுகளில் கொடுப்பார். முதல் கசெட் கிடைத்தபோது எனக்குப் பதினாறு வயது. அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் என் புருஷன் செத்த வருடம் முழுக்க அந்தக் குரல்தான் எனக்குத் துணை. இப்போது அவரும் இல்லை. அந்தக் கசெட்டுகள் வேறு யாரிடமும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

வெளியே போனால் பாட்டை ஓடவிட்டுத்தான் போவேன். வீட்டில் ஆள் இருக்கிறது என்று திருடன் நினைப்பான். லயம் முழுக்க இது தெரியும்.

மாணிக்கத்துக்கும் தெரியும். இதே லயத்தில் பிறந்தவன். இப்போது வீடு உடைக்கிற கம்பெனிக்கு மண்டோர், ஆட்களை வேலை வாங்குகிற மேஸ்திரி. காலி செய்த வீட்டுக் கதவில் சிவப்புச் சாயத்தில் 'கோசோங்' என்று எழுதுவது அவன் வேலை. மலாயில் காலி என்று அர்த்தம். சீனி இல்லாத டீக்குச் சொல்கிறோமே, அதே கோசோங். எனக்கு இன்னும் ஒரு மாதம் கெடு இருந்தது. அன்று கதவைத் தட்டியிருக்கிறான். நான் கடையில். எழுதிவிட்டான்.

சட்டையைப் பிடித்தேன். "உள்ள பாட்டு கேக்கலையாடா?"

"பாட்டுதானே அக்கா. ஆள் இல்லையே லா."

மன்னித்துவிடு என்றார் சர்ச் ஃபாதர். முடியாது ஃபாதர்.

ஏழு மாதம் கழித்து, பெர்மாஸ் ஜெயாவில் அவன் புது வீட்டைக் கண்டுபிடித்தேன். ஞாயிறு, பூசை முடிந்த கையோடு போனேன். வெள்ளைச் சுவர். சிவப்புச் சாயம். மலாய் எழுத்து ஆறு, ஒவ்வொன்றும் ஒரு முழம்.

கைலியோடு ஓடி வந்தான். "அலமாக்! பைத்தியமா அக்கா? உள்ள ஆளுங்க இருக்காங்க!"

"பாட்டு ஒண்ணும் கேக்கலையே. அதான் எழுதினேன்."

பிறகு கேட்டுக்கு முன்னால் நின்று பாடினேன். நின்றுபோன அந்த இரண்டாவது சரணத்திலிருந்து. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பாடுகிறேன். போலீஸைக் கூப்பிடுவதென்றால் கூப்பிடட்டும்.

போனவை இவை. வீடு ஒன்று. ரேடியோ ஒன்று. செருப்பு ஒன்று. கசெட் பதினொன்று. அதில் பாட்டு எண்பத்தெட்டு. எழுபத்தொன்பதை மனசிலிருந்து மீட்டுவிட்டேன். ஒன்பது வரவில்லை. முதல் அடிகூட வரவில்லை. அந்த ஒன்பதுக்காகத்தான் வருகிற ஞாயிறும் போவேன்.