கழுவித் துடைத்த கொலை

“…வெளிச்சம், வெளிச்சம், வெளிச்சம்! எதுக்கெடுத்தாலும் வெளிச்சம் வேணும் இந்த மெட்ராஸ்காரனுங்களுக்கு! கொலைன்னா இருட்டுலதாம்மா நடக்கும். எவனாவது டியூப்லைட்டப் போட்டுக்கிட்டு கொலை பண்ணுவானா? நீயே சொல்லு. சரி சரி, நீ சொல்லாத. வாயில ஸ்க்ரூ இருக்கு, முழுங்கிடப் போற.”

பூர்ணிமா சொல்லவில்லை. மூன்று ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொண்டு, டிவிக்குக் கீழே சுவரில் ஒரு சின்னத் தட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். அந்தத் தட்டில் புது டிஸ்க் பிளேயரை வைத்து, டிவியோடு இணைத்து, படம் ஓடுகிறதா என்று பார்த்துக் கொடுத்துவிட்டால் அவள் வேலை முடிந்தது. எட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் இந்த வேலை செய்கிறவள். ரெட்டியார்பாளையத்தில் இப்படி மாடியில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு ‘ம்’ கொட்டினால் அரை மணி நேரம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் தேவையில்லாதபோதும் வாயில் ஒரு ஸ்க்ரூ வைத்திருப்பாள்.

இந்த வீட்டுப் பெரியவர் பஞ்சநாதனுக்கு ‘ம்’மும் தேவைப்படவில்லை.

“இந்தா, இந்தப் பெட்டியப் பாரு. மூணு படம், ஒரே பெட்டியில. ‘பாலத்தடியில் ஒருவன்’, ‘பாலத்தின் மேல் இருவர்’, ‘பாலத்தில் யாருமில்லை’. எல்லாம் எழுவதுகள்ல நம்ம பாண்டிச்சேரியிலயே எடுத்தது. நீ பொறந்திருக்க மாட்ட, உங்க அம்மா பாவாட கட்டிக்கிட்டு இருந்திருக்கும். மூணு படத்துலயும் ஒருத்தன் கறுப்புத் தொப்பி போட்டுக்கிட்டு வருவான். கொல்லுவான், பூடுவான். மூஞ்சி தெரியாது. மூணாவது படத்து முடிவுல கடல் பாலத்து மேலேர்ந்து குதிப்பான் பாரு… அப்பவும் தெரியாது! ஜனங்களுக்கு வெறியே புடிச்சிப் போச்சி. யாரு, யாரு, யாருன்னு டீக்கட டீக்கடையா அடிதடி. பேரு போடறப்பவும் யாருன்னு போடல.”

அவர் குரலைத் தாழ்த்தினார்.

“நான்தாம்மா அது.”

பூர்ணிமா திரும்பிப் பார்த்தாள். ஐந்தடிக்கு ஒரு விரல்கடை கூட இருப்பார். கை வைத்த பனியன், கண்ணாடிக்கு மேலே இன்னொரு கண்ணாடி.

“நம்பல இல்ல? அந்த ஆணியில தொங்குது பாரு, அதே தொப்பி. எங்க சகலை ஒருத்தன் இருக்கான், கருவடிக்குப்பத்துல. கலியபெருமாள்னு பேரு. முப்பது வருஷமா இதத்தான் கேக்கறான். ‘ஏன் சகலை, தொப்பி உங்களுக்குப் பெருசா இருக்கே, காது வரைக்கும் எறங்குதே’ங்கறான். வயசானா தல சுருங்காதா? உடம்பு சுருங்குது, பென்ஷன் சுருங்குது, தல மட்டும் அப்படியே இருக்குமா? அவன்தான் ஆறு மணிக்கு வரான், குடும்பத்தோட. படம் பாக்க. இப்ப மணி என்னா, நாலேகாலா? ஐயய்யோ.”

அந்த ஐயய்யோவில் சினிமா பார்க்கப் போகிறவரின் சந்தோஷம் இல்லை என்பதை பூர்ணிமா கவனித்தாள். இரண்டாவது ஸ்க்ரூவை எடுத்துச் சுவரில் வைத்தாள்.

“நான் இந்த மெஷினக் கேட்டேனா? நான் கேக்கல. வாங்குனது எங்க வூட்டம்மா. செல்வாம்பாள். கீழ எண்ணெச் சட்டியில சுழியம் போட்டுக்கிட்டு இருக்கா, வாசன வருதா? பில்லு அவ பேருலதான். நாப்பத்தேழு வருஷம் ஆச்சி எங்களுக்குக் கண்ணாலம் ஆயி. சொல்தா பொண்ணும்மா அவ! பிரெஞ்சு பட்டாளத்து பென்ஷன்காரரு பொண்ணு. நான் யாரு? மில்லுல கணக்கெழுதறவன். சேருமா? ஆனா அவ மொதப் படத்த ஒம்போது தடவ பாத்திருக்கா. தொப்பிக்காரன்னா உசிரு. அவங்கப்பா ‘நோங், நோங், சினிமாக்காரனுக்குக் குடுக்க மாட்டேன்’னு குதிச்சாரு. இவ மூணு நாளு சாப்புடல. அப்புறம் என்னா, குடுத்தாரு. அன்னையிலேர்ந்து நான் இந்தத் தெருவுக்கே கொலகாரரு. மளிகைக் கடையில ‘கொலகாரருக்கு அரைக் கிலோ துவரம் பருப்பு’ம்பான். பேரப் புள்ளைங்க ‘கில்லர் தாத்தா’ம்பாங்க. எவ்ளோ மரியாத!”

அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். உடனே அதைக் கவிழ்த்து வைத்தார்.

“இப்ப அவ சொல்றா: ‘இத்தினி வருஷமா அந்தத் தொப்பிக்குக் கீழ உங்க மூஞ்சியப் பாக்கணும்னு ஆசைங்க. இப்ப நல்லா தெரியுமாம் இல்ல’ன்னு. தெனம் எதுர்ல உக்காந்து சோறு தின்றேன், அந்த மூஞ்சியப் பாத்தா போதாதா? போதாதாம். தொப்பிக்குக் கீழ இருக்கறதுதான் வேணுமாம்.”

மூன்றாவது ஸ்க்ரூவும் ஏறிவிட்டது. பூர்ணிமா சட்டைப் பையிலிருந்து சம்பந்தமில்லாத ஒரு நாலாவதை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

“அந்த மெட்ராஸ் கம்பெனிக்காரனுங்க என்னா பண்ணியிருக்கானுங்க தெரியுமா? எங்கேயோ ஒரு குடோன்ல பழைய ரீலு கெடந்திருக்கு. காடி நாத்தம் அடிச்சிக்கிட்டு, ஒட்டிக்கிட்டு. செத்துப் போச்சின்னு வுட வேண்டியதுதானே? வுடல. ஒரு சினிமாவுக்கு ரீலுல ஒண்ணே முக்கா லட்சம் குட்டிப் படம். ஒவ்வொண்ணா எடுத்துக் கழுவி, கீறல எடுத்து, கறைய எடுத்து… பொண்ணு பாக்க வரும்போதுகூட எவனும் அப்படிக் கழுவ மாட்டான். வாட்ஸாப்புல ஒரு துண்டு அனுப்பியிருந்தானுங்க. திரைய ரெண்டா வகுந்து, இந்தப் பக்கம் பழசு, அந்தப் பக்கம் புதுசு. பழசுல மழ பெய்யற மாதிரி கோடு. இருட்டு. என்னா அழகு தெரியுமா, ஒரு மண்ணும் தெரியாது! புதுசுல… ஓடற நண்டுக்குக் காலு எண்ணலாம். பொணத்தோட சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கறது தெரியுது. பொணம்… வுடு.”

பூர்ணிமா ஒயரைச் செருகினாள். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்தார்.

“தோ பாரும்மா, உன்னய எம் பொண்ணு மாதிரி நெனச்சி கேக்கறேன். மெஷினு கெட்டுப் போச்சின்னு சொல்லிட்டுப் போயேன். புதுசு கெடாதா? புதுசுதான் மொதல்ல கெடும். ‘சாமான் வரணும், மூணு வாரம் ஆவும்’னு நீங்க எல்லாரும் சொல்றதுதானே? நான் கோச்சிக்க மாட்டேன். சந்தோஷமா திட்டுவேன், அவ முன்னாடி. என்னா? என்னா காட்டற போன்ல? எனக்கு ரெண்டு கண்ணாடியும் வேணும் இரு… ஓ. நம்பரா. வேல முடிஞ்சா வூட்டுக்காரங்க போனுக்கு நாலு நம்பரு வரும், அத நீ போட்டாதான் இங்கேர்ந்து போவ முடியுமா? யாரு போனுக்கு? பில்லு அவ பேருல… போச்சி. சாமி, போச்சி.”

பிளேயர் உயிர் பெற்று டிவியில் நீலமாக மின்னியது. பூர்ணிமா முதல் டிஸ்க்கைப் போட்டாள். படம் ஓடுவதை நடுவில் எங்காவது ஒரு இடத்தில் பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது கடையின் விதி. ரிமோட்டில் நாலு தாண்டு தாண்டினாள்.

பாலத்தடி. ஈர மணல். கறுப்புத் தொப்பியும் நீளக் கோட்டுமாக ஓர் உருவம், ஆறடிக்குக் குறையாது, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அதன் காலடியில் செத்துக் கிடந்தவனின் முகம் நேராக இவர்களைப் பார்த்தது. அவள் அங்கேயே நிறுத்தினாள். இருபத்தோரு வயது முகம். வலது புருவத்தில் ஒரு வெட்டு. கொஞ்சம் கோணிய மூக்கு.

பூர்ணிமா பிணத்தைப் பார்த்தாள். பஞ்சநாதனைப் பார்த்தாள். அவர் வலது புருவத்திலும் அதே வெட்டு.

“ஏன் அங்க நிறுத்துன? வேற எடமே இல்லியா ரெண்டு மணி நேரத்துல? சரி. பாத்துட்ட. பாத்துட்ட இல்ல? ஒண்ணும் சொல்லாத.” அவர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். “இந்த வெளிச்சம்… கொறைக்க முடியுமா? டிவியில ஏதோ பொத்தான் இருக்குமே. கொறையேன். இன்னும். இன்னும்மா, மூக்கு தெரியுது. இன்னும்… ஹா!”

ஒன்பது முறை அழுத்தியதில் பாலம் போனது, மணல் போனது, முகமும் போனது. தொப்பியின் விளிம்பு மட்டும் லேசாக மிஞ்சியது.

“அது! அதாம்மா படம்! அப்ப இப்படித்தான் இருந்துது!” பஞ்சநாதன் நாற்காலியில் சரிந்து, அந்தக் கறுப்புத் திரையை ஆசையோடு பார்க்க ஆரம்பித்தார்.

அவர் முதுகு வாசலைப் பார்த்திருந்த அந்த நேரத்தில் பூர்ணிமா நழுவிக் கீழே போனாள். வழக்கமாக அவளுக்கு இது ஒரு நிமிஷ வேலை. நம்பரைக் கேட்பாள், போடுவாள், வண்டியை எடுப்பாள். செல்வாம்பாள் கரண்டியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். போனைப் பார்த்தாள். ஆனால் நம்பரைச் சொல்லவில்லை. “நான் ஒரு தடவ கண்ணால பாத்துட்டுச் சொல்றேம்மா,” என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். இருவரும் மேலே வந்தபோது பேச்சு அங்கே ஓடிக்கொண்டே இருந்தது. அவர் திரும்பவே இல்லை.

“…பொணமா நடிச்சவனுக்கு எவம்மா பொண்ணு குடுப்பான்? அதுவும் ஒரு பொணமில்ல, மூணு. மொதப் படத்துல மணல்ல. ரெண்டாவதுல படகுல குப்புற. மூணாவதுல மீன் ஐஸ் பொட்டியில, பல்லு கிடுகிடுன்னு… பொணம் நடுங்குதுன்னு டைரக்டர் அடிக்க வந்துட்டாரு. ஒரே ஆளுதான் மூணு தடவ சாவறான்னு ஒருத்தனும் கண்டுபுடிக்கல, அவ்ளோ நல்ல இருட்டு!”

பூர்ணிமா தொண்டையைக் கனைக்கப் பார்த்தாள். செல்வாம்பாள் மாவு ஒட்டிய விரலை உதட்டில் வைத்தாள்.

“தொப்பிக்காரன் கொளஞ்சிம்மா. வீராம்பட்டினத்து ஆளு. என்னா ஒயரம், என்னா தோளு! பாலத்துலேர்ந்து குதிச்சானே, அது கொளஞ்சி. கடைசி நாளு தொப்பிய எங்கிட்ட குடுத்துட்டு, ‘வெயிலுக்கு வச்சிக்கடா’ன்னு சொல்லிட்டு மீன் புடிக்கப் போயிட்டான். அவன் செத்து இருவது வருஷமாச்சி. பெட்டிக்குப் பின்னாடி பாரு, ‘தொப்பிக்காரன்: பஞ்சநாதன்’னு அச்சடிச்சிருக்கானுங்க. அதப் பாக்கறப்பல்லாம் பெட்டியக் கவுத்து வச்சிடறேன்.

“நான் வேணும்னு பொய் சொல்லலம்மா. ஈஸ்வரன் கோயில் வாசல்ல அவ வந்து கேட்டா, கையில தொப்பி இருந்துதா, ‘அந்தத் தொப்பிக்காரரு நீங்கதானா’ன்னு. இல்லன்னு சொல்றதுக்குத்தான் வாயத் தொறந்தேன். அவ மூஞ்சியப் பாத்தேன். ஆமான்னு வந்துடுச்சி. அப்புறம் சொல்லிச் சொல்லி எனக்கே நான்தான்னு ஆயிடுச்சி. பொணத்த மறந்தே பூட்டேன். அதோட வுட்டிருக்கலாம். போன வருஷம் பேப்பர்ல போட்டானுங்க, தொப்பிக்காரனா நடிச்சது யாருன்னு தெரிஞ்சவங்க எழுதுங்கன்னு. யாரு எழுதுனா? செல்வாம்பாளா? இல்ல. நான். அன்னைக்கிக் காலையிலதான் கலியபெருமாளு தொப்பி பெருசுன்னு சொல்லிட்டுப் போயிருந்தான், அந்தக் கடுப்பு. எழுதுனதோட நின்னேனா? மூணு பக்கம்! ‘படம் ரொம்ப இருட்டு, பாலத்தடி சீன நல்லா வெளிச்சம் பண்ணுங்க, ஒழைச்சவன் மூஞ்சிய ஜனங்க பாக்கணும்’னு. சும்மா சொல்லக் கூடாது, சொன்னதச் செய்யற ஆளுங்க. ஒழைச்சவன் மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது! மூச்சு வுடறதுகூடத் தெரியுது! என்னம்மா, இதுக்குமா வாயத் தொறக்க மாட்ட? எவ்ளோ ஸ்க்ரூதான் வச்சிருக்க வாயில…”

திரும்பினார்.

செல்வாம்பாள் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனாள். “நாலு,” என்றாள். “ரெண்டு. ஒம்போது. சைபரு.” பூர்ணிமா தன் போனில் போட்டாள். வேலை முடிந்தது என்று அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. பஞ்சநாதனின் உதடுகள் ஒட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தால், ஸ்க்ரூவெல்லாம் இப்போது அவர் வாயில் இருப்பதுபோல் இருந்தது.

கீழே கேட் திறந்தது. “சகலை! கொலகாரரே!” என்று ஒரு குரல். ஆறு மணிக்கு வர வேண்டியவர் சுழியத்தின் வாசனைக்கு ஐந்துக்கே வந்திருந்தார்.

செல்வாம்பாள் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்துத் தூசியைத் தட்டினாள். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பி, அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்தாள். இரண்டையும் கணவர் மடியில் வைத்தாள்.

“நாளைக்கி மெட்ராஸுக்கு நாலாவது பக்கம் எழுதுங்க. கொளஞ்சி பேரு வரணும். இப்ப கலியபெருமாளு கேட்டா ரெட்ட வேஷம்னு சொல்லுங்க, நம்பித் தொலையட்டும். எங்கிட்ட அதெல்லாம் வேணாம்.”

பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“படத்த ஓட வுட்டு வெளிச்சத்தக் கூட்டும்மா. இவரு மூச்சு வுடறது எனக்கு நல்லா தெரியணும்.”

பூர்ணிமா ரிமோட்டை எடுத்தாள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் மணல் வந்தது, நண்டு வந்தது, கோணல் மூக்கு வந்தது. ஒன்பதாவதற்கு, தொப்பிக்காரனின் காலடியில், பட்டன் மாறிய சட்டை மெதுவாக ஏறி இறங்கியது.