ஐந்தாவது கைக்குப் போன வண்டி

டீ நன்றாக இருக்கிறது, சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல்.

நகல் ஸ்போர்ட்ஸ் கார்களில் சில மட்டும் ஏன் அடிக்கடி கைமாறுகின்றன என்று கேட்டீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். பழைய காரின் இன்ஜின்மேல் ஃபைபர் பாடி போட்டு வெளிநாட்டு வண்டிபோல ஆக்குகிறோம். தரையோடு தரையாக இருக்கும். நீடாமங்கலம் தாண்டினால் வேகத்தடை தோறும் வயிறு உரசும். அறுப்புக் காலத்தில் ரோட்டில் நெல் காயும். மற்ற வண்டிகள் அதன்மேல் ஏறிப் போகும், இது வாரிக்கொண்டு போகும். இரண்டு சண்டை, ஒரு முதுகுவலி, அதோடு விற்றுவிடுவார்கள்.

அந்தச் சிவப்பு வண்டி அப்படியல்ல. நானும் ராம்கியும் பட்டறை ஆரம்பித்து, இரண்டு வருடம் பாடுபட்டுச் செய்த முதல் வண்டி. இதை மட்டும் விற்பதில்லை என்று முதலில் சொன்னவனே அவன்தான். அப்பாவின் ஆபரேஷனுக்காகப் பத்து நாள் தஞ்சாவூரில் இருந்துவிட்டு வந்தேன். வண்டி இல்லை.

"விக்கத்தானேடா செய்யுறோம்? இன்னொண்ணு செஞ்சுக்கலாம்," என்றான், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே.

கூடப் பிறந்தவனாக நினைத்திருந்தேன், கழுத்தறுத்துவிட்டான். மறுநாளும் அவன் பக்கத்தில் நின்றுதான் வேலை பார்த்தேன்.

எங்கே போனாலும் சர்வீஸுக்கு வண்டி என்னிடம்தானே வரவேண்டும். ஒவ்வொரு தடவையும் சின்னதாக ஏதாவது செய்தேன். ஒரு கிளிப்பைத் தளர்த்துவேன், ஒரு ஒயரைச் சுரண்டி வைப்பேன். நடுரோட்டில் நிற்கும். "ராசியில்லாத வண்டி, தள்ளிவிட்டுடுங்க," என்று நானே யோசனை சொல்வேன். வக்கீல் விற்றார், ரைஸ்மில்காரர் விற்றார், இன்னும் இரண்டு பேர் விற்றார்கள். விலை இறங்கிக்கொண்டே வந்தது. இன்னும் ஒரு கை மாறினால் நானே வாங்கிவிடலாம்.

ஐந்தாவதாக வாங்கியவர் வானதி. திருத்துறைப்பூண்டியில் பல் டாக்டர். மூன்று தடவை நின்றது, மூன்று தடவையும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ராசியில்லை என்று சொன்னதும் சிரித்தார்.

"நின்னா நிக்கட்டும்ணே. சரி பண்ண நீங்க இருக்கீங்களே."

அவர் விற்கமாட்டார் என்று அன்றைக்குப் புரிந்தது. அதனால் ஸ்டீயரிங் ராடு நட்டின் பூட்டுப் பின்னை உருவினேன். பின் இல்லாவிட்டால் நட் உடனே கழலாது, ஓட ஓடக் கழலும்; கழன்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது. அப்போது மே மாதம். அவர் ஞாயிறுதோறும் அம்மா வீட்டுக்கு வெண்ணாற்றங்கரை ரோட்டில் போவார். ஆற்றில் வெறும் மணல். கரையிலிருந்து சறுக்கினாலும் மணலில் புதைந்து நின்றுவிடும். பயந்துபோய் விற்றுவிடுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

இரண்டு ஞாயிறு போய் வந்தார். அப்புறம் மூன்று வாரம் ஊரில் இல்லை. அதற்குள் மேட்டூர் அணை திறந்து, வெண்ணாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. நானே பாலத்தில் நின்று பார்த்தேன்.

சனிக்கிழமை அவரே போன் செய்தார். "நாளைக்கு வண்டிய எடுக்குறேன்ணே. எல்லாம் பாத்துட்டீங்கல்ல? மகளும் வர்றா."

"பாத்துட்டேம்மா. தாராளமா எடுங்க," என்றேன்.

தண்ணீர் வந்தது தெரியும். பிள்ளை வருவதும் தெரியும். எழுதிக்கொள்ளுங்கள் சார், இரண்டு பேரையும் கொன்றது நான்தான்.

நேற்று ராம்கி வந்து இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று அழுதான். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம்பினவர்களைக் கைவிடுவது அவன் புத்தி. அந்தப் பாவத்தை மட்டும் நான் யாருக்கும் செய்ததில்லை, சார்.