ஐந்தாம் நாள் ஊசி

"ஊசி போட்டா அந்த நர்சம்மாவுக்கும் தீட்டு ஒட்டிக்குமாக்கா?"

என் காது உடனே முன்சீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. பூந்தமல்லியில் கிளம்பிய பேருந்து. தூறலில் மெட்ரோ தூண்கள் கனவுபோல மிதந்து போயின. முன்னால் கம்பெனிச் சீருடையில் இரண்டு பெண்கள்.

"இன்னாடி உளர்றே?" என்றாள் மூத்தவள்.

"எம் பொண்ணு வயசுக்கு வந்து நாலு நாள் ஆவுது. நாளைக்கு ஸ்கூல்ல, கர்ப்பப்பை வாயில கேன்சர் வராம இருக்க ஊசி போடுறாங்க. சடங்கு முடியாம வாசப்படி தாண்டக்கூடாதுன்றாரு எங்க ஊட்டுக்காரு."

மூத்தவள் ஈரக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எந்தங்கச்சி அந்த நோவுலதான் போனா. அது இன்னா, நல்ல நாள் பாத்துகினா வந்துச்சு?"

பேருந்து இரண்டு நிறுத்தங்களைக் கடந்தது. பிறகு இளையவள் கைபேசியை எடுத்தாள்.

"பாப்பா, யூனிபாரத்த எடுத்து வை. நாளைக்கு நானே ஸ்கூலுக்கு இட்டுகினு போறேன். அப்பாகிட்ட நான் வந்து சொல்லிக்கிறேன்."