கடைக்கு ஏற்ற லினக்ஸ்

வெர்னா: ...நிறுத்து, நிறுத்து. படகு புக்கிங் பூரா இந்தக் கம்ப்யூட்டர்லதான் இருக்கு. எதையாவது அழிச்சுத் தொலைச்சிடாத, டாரல்.

டாரல்: எல்லாத்தையும் காப்பி எடுத்து வச்சாச்சு. ஏரி உறையப்போற நேரம், எவன் படகு கேட்டு வரப்போறான்? கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டத்தை மாத்தறதுன்னா இப்பதான் மாத்தணும்.

வெர்னா: நல்லாத்தானேப்பா ஓடுது. வேலைக்குச் சேர்ந்த நாள்லருந்து ஆர்ச் லினக்ஸ், ஆர்ச் லினக்ஸ்னு நீதானே குதிச்ச?

டாரல்: அது என் ஆசைக்குப் போட்டது. உங்களுக்கு என்ன தேவைன்னு நான் கேக்கவே இல்ல. இப்பக் கேக்குறேன். இதுல நீங்க என்னென்ன செய்வீங்க?

வெர்னா: டாக்டர் மாதிரி கேக்குறியே!

டாரல்: லினக்ஸ்ல நூறு வகை இருக்கு, வெர்னா. வேலை என்னன்னு தெரியாம எதைப் போடறது?

வெர்னா: புக்கிங். ரசீது அடிக்கிறது. காத்து எப்படி வீசப்போகுதுன்னு பாக்குறது. அப்புறம்... சீட்டு விளையாடுறது.

டாரல்: சீட்டா?

வெர்னா: மழை நாள்ல நீ கொட்டகையில துடுப்புக்கு வார்னிஷ் அடிக்கப் போயிடுவ. நான் இங்க சுவத்தையா பாத்துட்டு இருக்கிறது?

டாரல்: சரி சரி. அப்ப டெபியன், இல்லன்னா மின்ட். டெபியன் லேசுல மாறாது. மின்ட் பாத்தவுடனே புரியும்.

வெர்னா: மின்ட்டா! அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்க போடறதுன்னு சொன்னது யாரு?

டாரல்: நான்தான். திமிரு.

வெர்னா: அடேயப்பா... இன்னிக்கு என்ன, பவ்யம் பலமா இருக்கு?

டாரல்: ஜூலைல நடந்தது ஞாபகம் இருக்கா? ஆர்ச்ல அறிவிப்பைப் படிக்காம நானே அப்டேட் போட்டு, பிரிண்டர் படுத்துடுச்சு. வாசல்ல பதினோரு குடும்பம்.

வெர்னா: அரைமணி நேரத்துல சரி பண்ணிட்டியே.

டாரல்: நான் இருந்தேன், பண்ணினேன். இல்லன்னா?

வெர்னா: சரி, காட்டு பாக்கலாம்.

டாரல்: இதோ, மின்ட் பென் டிரைவ்லருந்தே ஓடுது. பழசு அப்படியே இருக்கு. ஒரு ரசீது அடிங்க... நான் மவுஸைத் தொடமாட்டேன்.

வெர்னா: எங்க... இதுவா?

டாரல்: சொல்லமாட்டேன்.

வெர்னா: கொழுப்பு! இரு... இந்தா, வந்துடுச்சு. அப்டேட் யார் போடுவா?

டாரல்: நீங்கதான். போட்டு முடிச்சதும் திரை மூலையில கேடயம் மாதிரி ஒரு படம் வரும், மாசம் ஒரு தடவை அதை அழுத்துனா போதும். கெட்டுப்போனா முந்தின நிலைக்குத் திரும்பவும் வழி பண்ணித் தரேன்.

வெர்னா: உன்னக் கூப்பிடாமலா?

டாரல்: என்னக் கூப்பிடாம.

வெர்னா: அப்ப இதுவே இருக்கட்டும்.

டாரல்: பழசை அழிச்சிட்டுப் போடவான்னு கேக்குது... இருங்க. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா வாய் வரல. டுலூத் நகரத்துல எனக்கு ஒரு வேலை...

வெர்னா: தெரியும்டா. விண்ணப்பத்துல இப்ப வேலை பாக்குற இடம்னு என் கடை நம்பரைக் குடுத்தியே, அந்தப் போனை எடுக்கிறது யாரு? போன செவ்வாக்கிழமை உன்னப் பத்தி விசாரிச்சாங்க. இவன மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான், விட்டுடாதீங்கன்னு சொல்லிட்டு, போனை வச்சப்புறம் அழுதேன். தள்ளு... அந்தப் பட்டனை நானே அழுத்துறேன்.