இருபத்தேழாவது கட்டை

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை பிரோஷ்கா அம்மையார் அவர்களே, நம்மைவிட்டுப் பிரிந்த கணித ஆசிரியை வதாஸ் எதெல்கா அம்மையாரின் குடும்பத்தாரே, உடன் பணியாற்றிய ஆசிரியப் பெருமக்களே, அவரிடம் படித்து இன்று தலை நரைத்து உட்கார்ந்திருப்பவர்களே, போன சனிக்கிழமை பூட்டிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன பிள்ளைகளே, உங்கள் எல்லோருக்கும் கெரெகெஷ் அம்ப்ரூஷின் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு வராது. முப்பத்தொரு வருடம் இந்தப் பள்ளியில் மரவேலை சொல்லிக்கொடுத்துவிட்டு, இந்த ஜூன் மாதம்தான் ஓய்வுபெற்றேன். ரம்பம் ஓடும் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகிய குரல் இது. இந்த மைக்கை நான் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறேன், உங்கள் காது நன்றாக இருக்கட்டும்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் எதெல்கா டீச்சரைப் பேரறிஞர் என்றார்கள். எத்தனை மாணவர்கள் போட்டியில் பரிசு வாங்கினார்கள் என்று பட்டியல் படித்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அவர் இதைக் கேட்டிருந்தால் நாற்காலியில் நெளிந்திருப்பார். அவருக்குப் பிடித்த பட்டியல் வேறு. அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். பட்டறைக்குள் ஒரு பெண்மணி வந்தார். கோட்டு முழுக்கச் சுண்ணாம்புத் தூள். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“வாத்தியாரே, எனக்கு நாலு உருளை வேணும். ஆனா வட்டமா இருக்கக் கூடாது.”

“வட்டமா இல்லாத உருளை எப்படிங்க உருளும்? கட்டை வண்டி மாதிரி தடதடன்னு குதிக்கும்.”

“குதிச்சா எம்மேல கோவிச்சுக்குங்க. குதிக்கலைன்னா சனிக்கிழமை என் வகுப்புக்கு வரணும். பந்தயம்.”

காகிதத்தில் வரைந்து கொடுத்தார். மூன்று மூலை, பக்கங்கள் மட்டும் வெளியே உப்பியிருக்கும். பீச் மரத்தில் செதுக்கி எடுத்தேன். அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய கண்ணாடி டம்ளர். தள்ளினேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. நான் குனிந்து பார்த்தேன், நிமிர்ந்து பார்த்தேன், இன்னொரு முறை தள்ளிப் பார்த்தேன். அந்தப் பந்தயத்தில் தோற்றுத்தான் நான் சனிக்கிழமை வகுப்புக்குப் போனேன். அதற்குப் பிறகு போகாமல் இருக்கத் தெரியவில்லை.

அடித்தளத்தில் பதினான்காம் எண் அறை உங்களுக்குத் தெரியும். தலைக்கு மேலே கொதிநீர்க் குழாய் ஓடும், குளிர்காலத்தில் கோட்டுகள் காயும் வாடை வரும். அந்த அறைக்கு இரண்டே சட்டம். முதல் சட்டம், பதிலை யாரும் யாருக்கும் சொல்லக் கூடாது. கண்டுபிடித்தவர் டீச்சர் காதில் மட்டும் சொல்லிவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பொகாச்சா ரொட்டி எடுத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஒருமுறை கல்வி அதிகாரி ஒருவர் மேற்பார்வைக்கு வந்து, “இதுக்கு விடை என்னம்மா?” என்று கேட்டார். “அடுத்த சனிக்கிழமையும் வாங்க” என்றார் டீச்சர். அந்த மனிதர் வந்தார். ஆறு சனிக்கிழமை வந்தார். கடைசியில் ரொட்டி வாங்கித் தின்றுவிட்டுத்தான் அறிக்கை எழுதினார்.

இரண்டாவது சட்டம், தப்பு அலமாரி. அந்த அலமாரியைச் செய்தவன் நான். தப்பாகப் போன எதையும் அந்த அறையில் யாரும் குப்பையில் போட முடியாது. செய்தவர் எழுந்து நின்று, “தப்பு என்னோடது, இப்படித்தான் நடந்தது” என்று நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு ஒரு சீட்டில் தன் பெயரை எழுதி, அந்தப் பொருளோடு அலமாரியில் வைக்க வேண்டும். பெயர் எழுத ஒரு பென்சில், நூலில் கட்டித் தொங்கும். உடனே பிள்ளைகள் எல்லோரும் ஒரே குரலில் கேட்பார்கள், “சரி, அடுத்தது என்ன?” அவ்வளவுதான். திட்டு கிடையாது, சிரிப்பு கிடையாது. அந்த அலமாரியில் யாருடைய பெயர் அதிகம் என்று நினைக்கிறீர்கள்? நாற்பத்தொரு சீட்டில் வதாஸ் எதெல்கா. நேற்று எண்ணிப் பார்த்தேன்.

ஆனால் அங்கே பெயரில்லாத சீட்டு ஒன்று இருக்கிறது. பத்தொன்பது வருடமாக இருக்கிறது. அதைப் பற்றிப் பேசத்தான் நான் இன்று இங்கே நிற்கிறேன்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் ஓர் அக்டோபர் மாதம். டீச்சர் என்னிடம் ஒரு மரப்பெட்டியும் இருபத்தேழு கட்டைகளும் கேட்டார். ஒவ்வொரு கட்டையும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு சென்டிமீட்டர், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்னது. பெட்டியின் உள்ளளவு நான்கு, ஆறு, ஒன்பது. தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் கட்டைகளை அடுக்கிப் பழக ஒரு சுலபமான புதிர், அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? பெருக்கிப் பார்த்தேன். நான்கு ஆறு ஒன்பது, இருநூற்றுப் பதினாறு. ஆறு ஆறு ஆறு, அதுவும் இருநூற்றுப் பதினாறு. கொள்ளளவு ஒன்றுதானே? கனசதுரம் என்றால் ரம்பத்தை ஒரே தடவை அளவு வைத்து ஆறு பலகையையும் அறுத்துத் தள்ளிவிடலாம். மூலையைச் சாய்த்து ஒட்டினால் பார்க்கவும் அழகு. தச்சன் மூளை அப்படித்தான் போகும். செர்ரி மரத்தில் அழகாக ஒரு கனசதுரப் பெட்டி செய்து மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

பிள்ளைகள் அடுக்கினார்கள். இருபத்தாறு கட்டை உள்ளே போனது. இருபத்தேழாவது கட்டை வெளியே நின்றது. கலைத்து அடுக்கினார்கள். மறுபடி ஒன்று வெளியே. ஒரு வாரம், இரண்டு வாரம். வீட்டுக்கு எடுத்துப் போய் அடுக்கினார்கள், பள்ளிக்கு வரும் டிராமில் அடுக்கினார்கள். வெளியே நிற்கும் கட்டைக்குச் சரியான அளவு இடம் உள்ளே காலியாக இருக்கும், ஆனால் அந்த இடம் இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டு. கட்டையோ நீளம். எப்படிப் போகும்?

இரண்டாவது வாரமே எனக்குத் தெரிந்துவிட்டது. டீச்சரின் காகிதத்தை எடுத்துப் பார்த்தேன்: நான்கு, ஆறு, ஒன்பது. நான் செய்ததோ ஆறு, ஆறு, ஆறு. ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டுமா இல்லையா? சொல்லவில்லை. அந்த வருடம்தான் மரவேலைப் பாடத்தையே எடுத்துவிடலாமா என்று பேச்சு நடந்தது. அளவு தெரியாத தச்சனை எந்தப் பள்ளி வைத்துக்கொள்ளும்? பயம். வெறும் பயம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

ஐந்தாவது வாரம் பெற்றோர் கூட்டம். ஜனவரியில் நுழைவுத்தேர்வு, பிள்ளைகள் ராப்பகலாக ஒரு பொம்மைப் பெட்டியோடு மல்லுக்கட்டுகிறார்கள் என்று ஒரே சத்தம். அப்போதிருந்த தலைமை ஆசிரியர் சனிக்கிழமை வகுப்பையே நிறுத்திவிடலாம் என்றார். இது அடுக்கவே முடியாத பெட்டி, யார் தலையில் உதித்தது இது என்று ஒரு தகப்பனார் கேட்டார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். குனிந்து, அவிழாத ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினேன்.

எதெல்கா டீச்சர் எழுந்தார். “பெட்டிக்கு நான் பொறுப்பு. முடியாதுன்னு சொல்றீங்களே, ஏன் முடியாதுன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் நான் வகுப்பை மூட மாட்டேன்” என்றார்.

ஏன் முடியாது என்று அங்கே யாருக்குத் தெரியும்? கூட்டம் மறுவாரத்துக்குத் தள்ளிப்போனது.

அந்தச் சனிக்கிழமை போரி வந்தாள். பதினொரு வயது. இதோ நாலாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் போரிதான், இன்று நம் செகெட் நகரத்தில் ஒன்றாம் எண் டிராம் ஓட்டுகிறாள். அன்று அவள் கையில் ஒரு சாப்பாட்டு டப்பா. அதற்குள் இருபத்தேழு உருளைக்கிழங்குத் துண்டுகள், இரண்டு சென்டிமீட்டர் கனசதுரங்கள். பதினாலு துண்டை அவள் அம்மா வைத்திருந்த சிவப்பு மிளகாய்த்தூளில் புரட்டியிருந்தாள். பதிமூன்று துண்டு வெள்ளை. எல்லாப் பிள்ளைகளையும் போல அவளும் டீச்சரை அத்தை என்றுதான் கூப்பிடுவாள்.

“எதெல்கா அத்தை, பெட்டி இதான், மூணுக்கு மூணு, மூணு அடுக்கு. சிவப்புப் பக்கத்துல வெள்ளை, வெள்ளைப் பக்கத்துல சிவப்புன்னு அடுக்கிட்டேன். இப்போ மரக்கட்டைய எங்க வச்சாலும், எப்படித் திருப்பி வச்சாலும், பாதி சிவப்பைத் தின்னும், பாதி வெள்ளையத் தின்னும்.”

“ம். அப்புறம்?”

“அப்புறம் என்ன, இருபத்தேழு கட்டை போனா சிவப்பும் வெள்ளையும் சமமா இருக்கணும். இங்க சிவப்பு ஒண்ணு ஜாஸ்தி. போகாது அத்தை. நாளைக்கும் போகாது. எப்பவுமே போகாது.”

சட்டத்தை மறந்து எல்லோருக்கும் முன்னால் பதிலைச் சொல்லிவிட்டாள். டீச்சர் சட்டத்தை நினைவுபடுத்தவே இல்லை. அவர் கண்ணில் தண்ணீர். முப்பத்தொரு வருடத்தில் அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். மறுவாரக் கூட்டத்தில் போரி அந்த டப்பாவைத் திறந்து மறுபடி சொன்னாள். சத்தம் போட்ட தகப்பனார் துண்டுகளை இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். வகுப்பு பிழைத்தது. என் வேலையும் பிழைத்தது.

அடுத்த நாள் அலமாரிக் கீலைச் சரிசெய்யப் போனேன். உள்ளே என் பெட்டி இருந்தது. பக்கத்தில் வெறும் சீட்டு. டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: “பென்சில் அங்கதான் இருக்கு வாத்தியாரே. அவசரமில்ல.”

பத்தொன்பது வருடம் அவர் அதைப் பற்றி இன்னொரு வார்த்தை பேசவில்லை. பென்சில் தேயத் தேய மாற்றிக் கட்டினார். எத்தனை பென்சில் தேய்ந்திருக்கும், நினைத்துப் பாருங்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வாயைத் திறந்ததும் கையை உயர்த்தித் தடுத்துவிட்டார். மூச்சு வாங்கிக்கொண்டே, “இங்க சொல்லாதீங்க. இங்க அலமாரி இல்ல” என்றார். அவ்வளவு முடியாத நிலையிலும் அந்தக் குறும்பு போகவில்லை. அதிலிருந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். எனக்குத் தாங்கவில்லை, இப்போதும் தாங்கவில்லை.

தலைமை ஆசிரியை அவர்களே, நீங்கள் ஒரு படிவம் அனுப்பியிருக்கிறீர்கள். பதினான்காம் அறைக்குப் பொறுப்பாளர் பெயர் வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால், அந்த அறை நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்குப் போய்விடும். உங்களைக் குறை சொல்லவில்லை, காலி அறையை யார்தான் சும்மா வைத்திருப்பார்கள்? கணக்கு ஆசிரியர்கள் ஐந்து பேரையும் கேட்டீர்கள். ஐந்து பேருக்கும் வேலை அதிகம். அலமாரியைக் கழற்றிக் கொடுக்கும்படி என்னிடம் கேட்டீர்கள். கழற்ற மாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

தச்சன் கணக்கு வகுப்பு நடத்துவதா என்று கேட்பீர்கள். கேளுங்கள். பதிலைச் சொல்லக் கூடாது என்பது அந்த அறையின் முதல் சட்டம். அதற்கு என்னைவிடத் தகுதியானவன் யார்? எனக்குத்தான் பதிலே தெரியாதே. எனக்குக் கடைசல் தெரியும், அறுக்கத் தெரியும், ஒட்டத் தெரியும். பிள்ளைகளோடு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தெரியும். மீதியை எதெல்கா டீச்சர் அந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார், நாற்பத்தொரு சீட்டுகளாக.

இதோ, என் கோட்டுப் பையில் இருப்பது அந்தப் பெட்டி. இருபத்தாறு கட்டை உள்ளே. இருபத்தேழாவது என் கையில். இது அவருடைய பென்சில், நூலோடு அவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறேன். இது வெறும் சீட்டு. இது உங்கள் படிவம், அம்மையாரே. இரண்டிலும் ஒரு பெயர் காலியாக இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

கெரெகெஷ் அம்ப்ரூஷ். சீட்டில் எழுதிவிட்டேன்.

கெரெகெஷ் அம்ப்ரூஷ். படிவத்திலும் எழுதிவிட்டேன்.

தப்பு என்னோடது. இப்படித்தான் நடந்தது.

பிள்ளைகளே, ஏன் தலையைக் குனிந்துகொண்டிருக்கிறீர்கள்? இரங்கல் கூட்டத்தில் சத்தம் போடக் கூடாது என்று யாராவது சொன்னார்களா? அந்த அறையில் இதற்கு என்ன கேட்பீர்கள்? கேளுங்கள். போரி, நீயும்தான்.

கேட்டது. நன்றாகக் கேட்டது.

அடுத்தது சனிக்கிழமை காலை பத்து மணி, பதினான்காம் அறை. ஆளுக்கு இரண்டு உருளைக்கிழங்கு கொண்டுவாருங்கள். மிளகாய்த்தூள் நான் கொண்டுவருகிறேன்.